எதிர்ப்பு உண்டானதற்காக

எங்கள் வீட்டில் வெள்ளையாக இருந்தால் மாத்திரை, சிவப்பாக இருந்தால் சத்து. அக்கா வைத்த பெயர்கள். விடியற்காலையில் கோயில் மணி அடித்ததும் இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, நான் தண்ணீர் குடித்து விழுங்கும்வரை எதிரே நிற்பாள். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பரீட்சை ஹாலில் பிள்ளைகளுக்கு எதிரே நின்ற பழக்கம் அவளை விட்டு இன்னும் போகவில்லை.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. இந்த ஒரு வரியை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று. என் கணவர் வழியாக வந்தது. அவர் இறந்துவிட்டார். அவரைப் பற்றி இங்கே வேறு எதுவும் எழுதப் போவதில்லை. அவர் போனபின் சேரன்மகாதேவி வீட்டைக் காலி செய்துவிட்டு, பாளையங்கோட்டையில் இருந்த எப்சி அக்காவிடம் வந்தேன். அவள் கல்யாணம் செய்துகொள்ளாதவள். "வாட்டி, ரெண்டு பேருக்கும் ஒரே அடுப்பு போதும்" என்றாள். அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஓர் அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. மணமகள் மனமகள் ஆகிவிடாமலும், கண்ணீர் அஞ்சலியில் உயிரோடு இருக்கிறவர் பெயர் ஏறிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிழையைப் பிடித்தால் யாருக்கும் தெரியாது. விட்டுவிட்டால் ஊருக்கே தெரியும். இந்த வேலையில் இருந்ததால்தான் என் நோயை என்னால் புரிந்துகொள்ள முடிந்தது என்று நினைக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது நன்றாக இருக்கிறேன். படி ஏறுகிறேன், சண்டை போடுகிறேன், இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிடுகிறேன். அதனால்தான் எழுத முடிகிறது. என்னைப் போல மாத்திரை போடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், கடைசிவரை படியுங்கள். உங்கள் வீட்டிலும் அன்பான ஓர் ஆள் இருக்கலாம்.

மாத்திரையை மாதா மாதம் பெரிய ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், அங்கே யாருக்கும் முகம் கிடையாது. ஆண்களுக்குத் துண்டு, எங்களுக்கு முந்தானை. ஒருமுறை எங்கள் வேதக்கோயில் பாடகர் குழுவில் பாடுகிற ஒருத்தியை அங்கே பார்த்துவிட்டேன். அவள் சட்டென்று, "கண் டாக்டர் எங்கன இருக்காங்க?" என்று என்னிடம் கேட்டாள். "தெரியலையே, நான் பல் டாக்டரைல்லா தேடுதேன்" என்றேன். அதிலிருந்து கோயிலில் எங்கள் இருவருக்குள் கூடுதல் மரியாதை. பார்த்ததும் இருவரும் ஒரே நேரத்தில் ஸ்தோத்திரம் சொல்லிவிடுகிறோம். எங்கள் சபையில் சந்தித்தாலும் ஸ்தோத்திரம், பிரிந்தாலும் ஸ்தோத்திரம், தும்மினாலும் ஸ்தோத்திரம். அக்காவுக்கு இது மூச்சு மாதிரி. கத்தரிக்காய்க்காரர் விலை சொன்னால்கூட முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் பேரம் பேசுவாள்.

ஐப்பசி மழையோடு காய்ச்சல் வந்தது. மழைக் காய்ச்சல் என்று விட்டுவிட்டோம். பிறகு வறட்டு இருமல். அச்சகம் மாடியில் இருக்கிறது. அந்தப் படியில் பாதியில் உட்கார ஆரம்பித்தேன். எடை குறைந்து, ரவிக்கையெல்லாம் யாரோ கொடுத்த ரவிக்கை மாதிரி தொங்கியது. ஒரு நாள் பல் தேய்த்துவிட்டு நிமிர்ந்தேன், மூச்சு வரவில்லை. அக்கா ஆட்டோவுக்கு ஓடினாள். செருப்பு போட்டுக்கொள்ளாமல் தெருவில் அவள் ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

வார்டில் மூக்கும் வாயும் மூடுகிற மாதிரி ஆக்ஸிஜன் மாட்டினார்கள். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "இது நிமோனியாவில் ஒரு வகை. நல்ல எதிர்ப்புச் சக்தி இருக்கிறவங்க கிட்ட இது வராது. உங்களுக்கு எதிர்ப்புச் சக்தி ரொம்பக் குறைஞ்சு போயிருக்கு." அந்தச் சக்தியை அளக்க ஒரு பரிசோதனை உண்டு. ரத்தத்தில் சி.டி.4 என்ற காவல் அணுக்களை எண்ணுவார்கள். என்னுடைய காவல்காரர்களில் பெரும்பாலோர் வேலையை விட்டுப் போய்விட்டிருந்தார்கள்.

அதன்பிறகு அந்தச் சொல் வார்டு முழுவதும் சுற்றியது. ஊசி போட வந்த நர்ஸும் "எதிர்ப்பு கொறஞ்சிட்டுல்லா, அதான்" என்றார். பெருக்க வந்த அம்மாவும் அதையே சொன்னார். பக்கத்துக் கட்டிலில் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வந்த சொர்ணம் படுத்திருந்தாள். வாழைத்தோட்டத்தில் கூலிக்குப் போகிறவள், காலில் புண் ஆறாமல் வந்தவள். அவளும், "எதிர்ப்பு இல்லாட்டா எறும்பு கடிச்சாலும் புண்ணாத்தான் ஆவும் டீச்சர்" என்று அக்காவுக்குப் பாடம் எடுத்தாள். தன் வீட்டிலிருந்து வந்த நாட்டுப்பழச் சீப்பில் பாதியை ஒடித்து எங்கள் ஸ்டூலில் வைத்தாள். என் நோய் என்ன என்று அவள் கேட்கவில்லை. தெரிந்திருக்கும். தெரிந்துதான் என் டம்ளரில் தண்ணீர் ஊற்றி அவளும் குடித்தாள்.

அக்கா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். காலையும் மாலையும் என் தலைமாட்டில் நின்று வாய்விட்டு ஜெபிப்பாள். "ஆண்டவரே, எந் தங்கச்சி உடம்புல எதிர்ப்ப உண்டாக்கும். எதிர்ப்பக் கட்டளையிடும்." நான் முகமூடிக்குள் மூச்சு விட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

மூச்சு ஒருவாறு நிலைக்கு வந்தபோது அடுத்த முடிவு வந்தது. வைரல் லோடு என்பார்கள். ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்ற அளவு. மாத்திரை ஒழுங்காக வேலை செய்தால் அது எந்திரத்தின் கண்ணுக்கே தட்டுப்படாது. எனக்கு அது மார்கழிப் பனி மாதிரி எங்கும் இருந்தது.

மாத்திரை கொடுக்கிற மையத்தின் ஆலோசகர் இசக்கியம்மாள் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். என் மகள் வயது இருக்கும், எனக்கு மகள் இருந்தால். எப்போதும் பைய, அடுத்த கட்டிலுக்குக் கேட்காமல் பேசுகிறவர்.

"கோவப்படாதீங்கக்கா, நான் குத்தஞ் சொல்லல. இந்த மாத்திரை லேசுல தோக்காது. போடாம விட்டாத்தான் இப்படி ஏறும். எப்பமாவது விட்டுப்போச்சா?"

"ஒரு நாள்கூட இல்லம்மா."

"வேற மருந்து எதும் எடுக்கீங்களா? நாட்டு மருந்து, லேகியம், அந்த மாதிரி?"

"இல்ல" என்றேன். "ஒண்ணும் இல்ல, ஸ்தோத்திரம்" என்றாள் அக்கா. இரண்டு பேரும் மனமறிந்து பொய் சொல்லவில்லை.

இசக்கியம்மாள் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நம்பவில்லை என்று தெரிந்தது. அது அவர் வேலை. ஆயிரம் பேர் ஆயிரம் சொல்லியிருப்பார்கள். எனக்கு வலித்தது அதன்பிறகு நடந்ததுதான். அக்கா என் தலையணையைத் தூக்கிப் பார்த்தாள். மெத்தைக்கு அடியில் கையை விட்டாள்.

"என்னக்கா தேடுத?"

"ஏட்டி, நெஞ்சத் தொட்டுச் சொல்லு. மாத்திரைய முழுங்குனியா, இல்ல துப்புனியா?"

"நீதான முன்னால நின்ன?"

"நின்னேன். பொறவு பல்லு தேய்க்கப் பின்வாசலுக்குப் போவியே, அத நான் பாக்கலேல்லா."

"நான் எதுக்குத் துப்பணும்?"

அவள் தலையணையைத் திரும்ப வைத்துத் தட்டினாள். எனக்கே தெரியும் பதில். கணவர் இறந்த முதல் வருஷத்தில் 'எனக்கு ஏன் இந்த உயிர்' என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். துக்கத்தில் சொன்னதை டீச்சர் மறக்காமல் வைத்திருந்தாள். அடுத்த நாள் காலையில் மாத்திரை கொடுத்தபின், "ஆ காட்டு" என்றாள். நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தாள். ஐம்பதைத் தாண்டிய பொம்பளை நான். சொர்ணம் நல்ல மனுஷி, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நோய் வந்த நாளிலிருந்து நான் அழுததைவிட அன்று அதிகம் அழுதேன். உலகத்தில் எனக்கென்று இருந்தது ஒருத்தி. அவள் எனக்குக் கஞ்சி ஊட்டினாள், பெட்பேன் எடுத்தாள், என் கால் ஆணியை வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தாள். எல்லாம் செய்தாள், என்னை நம்புவதைத் தவிர.

ஒரு நாள் அக்கா வெந்நீர் பிடிக்கப் பிளாஸ்க்கோடு போயிருந்த நேரத்தில் டாக்டரம்மா வந்தார். என் ரத்தத்தை வெளியூருக்கு ஒரு பரிசோதனைக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். கிருமியின் ஜீனைப் படித்துப் பார்க்கிற பரிசோதனை.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். இந்தக் கிருமி தன்னைத்தானே படியெடுத்துப் பெருகுகிறது. ஆனால் அது அச்சுக் கோக்கும் படு அவசரக்காரக் கம்பாசிட்டர். ஒவ்வொரு படியிலும் எழுத்தைத் தப்பாகக் கோக்கும், திரும்பிப் பார்க்காது, அதற்குப் பிழை திருத்த ஆளும் கிடையாது. அதனால் ஓர் உடம்புக்குள்ளேயே ஒன்றுபோல் ஒன்று இல்லாமல் எத்தனையோ விதமான கிருமிகள். பெரும்பாலான பிழைகள் அதற்கே கேடு, அந்தப் படி வீணாகிவிடும். ஆனால் ஏதோ ஓர் எழுத்து மாறியதில், மருந்து வந்து பிடிக்கிற இடம் மாறிப் போய்விடும். அந்தப் பிழைக்குத்தான் யோகம். ரத்தத்தில் மருந்து முழு அளவு இருந்தால் படியெடுக்கிற வேலையே நின்றுபோகும், பிழைக்கும் இடமில்லை. மருந்து அரைகுறையாக இருந்தால் நல்ல படிகள் அழிந்து, பிழையான படி மட்டும் தப்பித்துப் பெருகும். அதைத்தான் மருந்து எதிர்ப்பு என்கிறார்கள். ஒருமுறை வந்த பிழை பிறகு அழிவதும் இல்லையாம். உடம்பில் எங்காவது ஓர் அலமாரியில் பழைய அச்சு ப்ளேட் மாதிரி கிடக்கும், அதே மருந்தை மறுபடி கொடுத்தால் வெளியே வரும்.

"மாறியிருந்தா, இந்த மருந்துல எது போச்சு, எது மிச்சம்னு தெரியும். அதுக்கேத்த மாதிரி வேற மருந்துக்குப் போகலாம்" என்றார்.

"மாறாம இருந்தா?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "மாறாம இருந்தா நல்லதுதான், பழைய மருந்தே போதும். ஆனா, பெரும்பாலும், மருந்து உள்ள போகவே இல்லைன்னு அர்த்தம். மருந்தைப் பார்க்காத கிருமிக்கு மாறவேண்டிய அவசியம் என்ன?"

அவர் போனபின் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தேன். எதிர்ப்பு இருந்தால், நான் யோக்கியமானவள், மருந்து போயிற்று. எதிர்ப்பு இல்லை என்றால், மருந்து பிழைத்தது, நான் பொய்க்காரி. எதைக் கேட்டு ஜெபிக்க? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எதிர்ப்பு வேண்டும் என்றுதான் கேட்டேன். உயிர் போனாலும் பரவாயில்லை, எப்சி என் வாய்க்குள் பார்த்தது தப்பு என்று தெரியட்டும். இந்தப் பரிசோதனை எதற்கு என்று அவளிடம் நான் சொல்லவில்லை. கோபம்தான். 'ரத்தம் டெஸ்டுக்குப் போயிருக்கு' என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆக, அந்தக் கட்டிலில் இரண்டு ஜெபங்கள் நடந்தன. தலைமாட்டில் நின்று அவள் சத்தமாக எதிர்ப்பைக் கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு நானும் எதிர்ப்பைக் கேட்டேன். சொல் ஒன்று, பொருள் வேறு.

நிமோனியா அடங்கியதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை பழைய மாத்திரையே தொடரட்டும் என்றார்கள். சொர்ணம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வாரேன்னு சொல்லாதீங்கக்கா, போறேன்னு சொல்லுங்க" என்று சிரித்தாள். வீட்டில் அக்கா ஆட்டுக்கால் சூப்பும் முருங்கைக்கீரையுமாக என்னைப் போட்டுத் தாக்கினாள். மணி அடித்ததும் மாத்திரை, சத்து, 'ஆ காட்டு'. நாங்கள் இருவரும் உப்பு, புளி, பால்காரர் தவிர வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனோம். நான் நோய்க்குப் பின் போன முதல் ஆராதனை. அக்கா இரும்புப் பெட்டியில் வைத்திருந்த மாம்பழக் கலர் பட்டுச்சேலையை எடுத்துக் கட்டியிருந்தாள். அவள் முகம் முந்தின நாளிலிருந்தே ஒரு மாதிரியாக இருந்தது. எதையோ வாயில் அடக்கிவைத்த சின்னப்பிள்ளையைப் போல. நான் விசாரிக்கவில்லை, பேசினால்தானே.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். ஏதாவது நன்மை கிடைத்தால் ஒரு கவரில் காணிக்கை வைத்து, மேலே காரணத்தை எழுதிக் கொடுப்போம். குருவானவர் அதை வாசிப்பார். வேலை கிடைத்ததற்காக, பேரன் பிறந்ததற்காக, மாடு நல்லபடியாகக் கன்று ஈன்றதற்காக. பெயர் போட விருப்பமில்லையென்றால் 'ஒரு சகோதரி' என்று எழுதலாம். அன்று நாலைந்து கவருக்குப்பின் குருவானவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்:

"தன் தங்கைக்கு எதிர்ப்பு உண்டானதற்காக, ஒரு சகோதரி, ஸ்தோத்திரக் காணிக்கை."

சபையார் 'ஆமென்' என்றார்கள். என் கை மேல் அக்காவின் கை வந்து இறுக்கியது. திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணிலிருந்து நீர் தாரையாகக் கொட்டிக்கொண்டிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. "நேத்து இசக்கியம்மா போன் பண்ணுனா" என்று என் காதில் சொன்னாள். "உனக்கு எதிர்ப்பு வந்துட்டாம்ட்டி. கோயில்ல வச்சுக் கேக்கட்டும்னு ஒங்கிட்ட சொல்லல."

எதிர்ப்பு இருக்கிறது என்று அந்தப் பெண் சொன்னவுடனே இவள் 'ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்' என்றிருப்பாள். எதற்கும் அதையே சொல்கிற டீச்சராயிற்றே என்று இசக்கியம்மாளும், திங்கட்கிழமை வரச்சொல்லிவிட்டுப் போனை வைத்திருப்பார்.

அந்த இடத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். முதலில் சந்தோஷம்தான். நான் பொய் சொல்லவில்லை! எழுந்து நின்று கத்தவேண்டும் போல் இருந்தது. மறுகணம்தான் மற்றது உறைத்தது. மருந்து போயிற்று. மாத்திரைக்குள் இருக்கிற மூன்று மருந்தும் போயிற்றா, மிச்சம் இருக்கிறதா? மிச்சம் இல்லையென்றால்? பக்கத்தில் இவளோ, என் சாவுச் செய்திக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ஸ்தோத்திரம் செய்கிறாள்.

சொல்லவில்லை. அன்று முழுவதும் சொல்லவில்லை. அவள் கறி வாங்கி, தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தாள். 'இன்னும் ரெண்டு துண்டு போடு' என்று என் தட்டில் போட்டாள். 'ஆ காட்டு' என்று கேட்பதைக்கூட அன்று காலையில் விட்டிருந்தாள். இவ்வளவு நாள் கழித்து அவள் சிரித்த முகத்தை ஒரு நாளாவது பார்த்துக்கொள்கிறேனே என்றிருந்தது. என் கோபம் அந்தக் குழம்பிலேயே கரைந்துபோயிற்று.

மறுநாள் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். வெள்ளை மாத்திரைக்குள் இருந்த மூன்று மருந்தில் இரண்டுக்குக் கிருமி பழகிவிட்டது. ஆனால் பயப்படவேண்டாம், இரண்டாம் வரிசை மருந்து இருக்கிறது, பரிசோதனையின்படி அதற்கு அது இன்னும் பழகவில்லை. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பக்கத்தில் அக்காவுக்கு மூச்சு போயிற்று.

"எதிர்ப்பு வந்துட்டுன்னுல்லா சொன்னாங்க" என்றாள்.

"ஆமா டீச்சர். கிருமிக்கு. மருந்தை எதிர்க்கிற எதிர்ப்பு."

அக்கா என்னைப் பார்த்தாள். உனக்கு நேற்றே தெரியுமா என்று கேட்டது அந்தப் பார்வை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

டாக்டரம்மா என்னிடம் சொன்னார்: "இதுல இருந்து ஒண்ணு தெரியுது. நீங்க மாத்திரை போட்டிருக்கீங்க. ஆனா ரத்தத்துக்கு அது முழுசாப் போகலை. அது ஏன்னுதான் புரியலை. வாந்தி, பேதி இருந்ததா? அல்சர் மருந்து? வேற எதாவது மாத்திரை?"

"வேற மாத்திரை ஒண்ணும் கெடையாது டாக்டர்" என்றாள் அக்கா. குரல் எங்கிருந்தோ வந்தது. "வெறும் வயித்துல இதையும் சத்தையும் மட்டுந்தான் குடுப்பேன்."

"என்ன சத்து?"

அக்கா கைப்பையைத் திறந்தாள். அவள் பையில் எப்போதும் ஒரு பட்டை இருக்கும். சிவப்பு நிற இரும்புச் சத்து மாத்திரைகள். முன்பு எப்போதோ ஒரு முகாமில் எனக்கு ரத்தம் குறைவு என்று சொன்னார்கள். அன்றிலிருந்து மருந்துக்கடையில் அவளே வாங்கி, வெறும் வயிற்றில் போட்டால்தான் நன்றாக ஒட்டும் என்று யாரோ சொன்னதையும் கேட்டு, ஒரு நாள் தவறாமல் கொடுத்துவந்தாள். அப்போது நான் போட்டுக்கொண்டிருந்தது வேறு மருந்து. பிறகு இந்த வெள்ளை மாத்திரைக்கு மாற்றினார்கள். வெள்ளை மாறியது, சிவப்பு தொடர்ந்தது.

டாக்டரம்மா பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதைப் பத்தி ஏன் சொல்லவே இல்லை?"

"இது மாத்திரை இல்லையே டாக்டர்" என்றாள் அக்கா. "சத்துல்லா."

பிறகு டாக்டரம்மா தன் நாற்காலியை அக்காவின் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். அந்த வெள்ளை மாத்திரையில் இருக்கிற ஒரு மருந்தை, இரும்பும் கால்சியமும் நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற சில மருந்துகளும் வயிற்றிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும், ரத்தத்துக்கு விடாது என்றார். சாப்பாட்டோடு போட்டிருந்தால் இரும்பினால் இவ்வளவு கெடுதல் இல்லை, வெறும் வயிற்றில்தான் மோசம். "இதனாலதான் எல்லாம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன் டீச்சர். வேற காரணமும் இருக்கலாம். நாங்களும் சத்து மாத்திரை போடுறீங்களான்னு தெளிவாக் கேட்டிருக்கணும். நீங்க ஒண்ணும் தப்புப் பண்ணலை."

அக்கா சரி என்று தலையாட்டினாள். ஸ்தோத்திரம் சொல்லவில்லை.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். நான் பேசிப் பார்த்தேன். மருந்து மிச்சம் இருக்கிறதே, அது போதாதா என்றேன். காதில் விழாத மாதிரி இருந்தாள். வீட்டுக்கு வந்து அந்தச் சிவப்புப் பட்டைகளை எல்லாம் எடுத்து, பின்வாசலில் நின்று ஒவ்வொன்றாகப் பிதுக்கிச் சாக்கடையில் போட்டாள்.

புது மருந்து வந்தது. சாப்பாட்டுக்குப் பின் போடுவது, காலையும் இரவும். முதல் நாள் சாப்பிட்டு முடித்துவிட்டு வழக்கம்போல் கையை நீட்டினேன். அவள் டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு, "நீயே எடுத்துப் போட்டுக்கோ" என்று அடுக்களைக்குப் போய்விட்டாள். அடுத்த நாளும் அப்படியே. எதிரே நிற்கவும் இல்லை, வாயைப் பார்க்கவும் இல்லை. நான் விழுங்குகிற நேரத்தில் வீட்டில் எந்த மூலையில் இருக்கலாம் என்று தேடிப் போனாள். முன்பு நம்பாமல் நின்றதைவிட இது எனக்குக் கொடுமையாக இருந்தது. முதல் வாரம் அந்த மாத்திரை வயிற்றைப் புரட்டியது. அதைக்கூட அவளிடம் சொல்லப் பயந்தேன். அவள் அதற்கும் தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொள்வாள்.

மாதக் கடைசியில் எங்கள் கோயில் மடலின் ப்ரூப் என் மேஜைக்கு வந்தது. அதை அச்சடிப்பது எங்கள் அச்சகம்தான். கடைசிப் பக்கத்தில் ஸ்தோத்திரக் காணிக்கைகள். வேலை கிடைத்ததற்காக. பேரன் பிறந்ததற்காக. தன் தங்கைக்கு எதிர்ப்பு உண்டானதற்காக, ஒரு சகோதரி.

கம்ப்யூட்டரில் அடிக்கிற சுடலைமுத்து என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "அக்கா, இதுல சக்தி விட்டுப்போச்சுன்னு நெனைக்கேன். எதிர்ப்புச் சக்தின்னுல்லா இருக்கணும்? இல்லன்னா அர்த்தமே மாறிப்போவுதே."

"நாளைக்குச் சொல்லுதேன் தம்பி" என்று சொல்லி, அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வீட்டில் சாப்பிட்டு முடித்ததும் அதை அக்காவுக்கு முன்னால் விரித்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். அந்த வரிக்கு வந்ததும் அவள் விரல் நின்றுவிட்டது.

"எடுத்திரட்டுமா?" என்றேன். "இல்ல, சுடலைமுத்து சொல்லுத மாதிரி ஒரு சக்தியச் சேத்திரட்டுமா?"

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டாள்.

"நீ மாத்திரையத் துப்பலன்னு இதுனாலதான தெரிஞ்சுது?" என்றாள்.

"ஆமா."

"இந்த எதிர்ப்பு வராம இருந்திருந்தா, சாவுத வரைக்கும் ஒன் வாயத் தொறந்து பாத்துக்கிட்டுல்லா இருந்திருப்பேன்."

"பாத்திருப்ப."

"அப்பம்னா இருக்கட்டும்ட்டி" என்றாள். "அதுல பிழை ஒண்ணும் இல்ல. அப்படியே போடச் சொல்லு."

நான் பேனாவை எடுத்து, அந்த வரியின் ஓரத்தில், சரி என்று எழுதினேன். பிறகு கையை நீட்டினேன். அவள் பார்த்தாள். டப்பாவை எடுக்கவில்லை. நானும் மடக்கவில்லை. அடுக்களையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, அவள் எழுந்து போய் அதை மூடினாள், திரும்பி வந்தாள், என் கை அங்கேயேதான் இருந்தது.

"எங் கையாலயா?" என்றாள்.

"பின்ன யார் கையால?"

அக்கா டப்பாவைத் திறந்தாள். மாத்திரையை எடுத்து வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் பார்த்தாள். "சாப்புட்டேல்லா?" என்று கேட்டாள், அவளே எனக்குப் பரிமாறியிருந்தும். சாப்பிட்டேன் என்றேன். அதை என் உள்ளங்கையில் வைத்தாள். நான் தண்ணீர் குடித்து விழுங்கிவிட்டு, பழக்கத்தில் வாயைத் திறந்து காட்டினேன்.

"மூடுட்டி சவமே" என்றாள் அக்கா. "நான் பாக்க மாட்டேன்."